பத்து ஷாட் பிரேக் பேரல் ஏர் ரைஃபிள் வாங்கப் போறீங்களா, மொதல் ஷாட்ட பாத்து வாங்குங்க

முயல், அணில், புறா மாதிரி சின்ன வேட்டைக்கு ஒரு ஏர் ரைஃபிள் வாங்கலாம்னு இருக்கேன், மேகசின் வச்ச பிரேக் பேரல் வந்திருக்காமே, பத்து ஷாட் போகுமாமே, எத எடுக்கலாம்னு கேக்குறவங்க இப்ப நிறைய பேரு. நானும் அந்தக் கேள்வியோடதான் ஆரம்பிச்சேன். அதனால எனக்குத் தெரிஞ்சத எல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சிடுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க. ஏன்னா இது உயிர எடுக்குற கருவி, நாம தப்பா தேர்ந்தெடுத்தா அதோட வலி நமக்கு இல்ல, எதிர்ல நிக்கிற அந்த ஜீவனுக்கு.

மல்டி ஷாட்னா ட்ரிகர அமுக்க அமுக்க பத்து பெல்லட்டும் வரிசையா போகும்னு நெறைய பேரு நினைச்சுக்கிட்டு இருக்காங்க, அப்படி இல்ல. பிரேக் பேரல்ல ஒவ்வொரு ஷாட்டுக்கும் பேரல கீழ மடக்கி, அந்த மடக்குற பலத்துல உள்ள இருக்குற பிஸ்டன் பின்னாடி போய் மாட்டி, அப்புறம் பேரல மேல கொண்டுவந்து மூடித்தான் சுடணும். மேகசின் இருந்தாலும் இதுல ஒண்ணும் மாறாது. மேகசின் செய்யிறது ஒரே ஒரு வேலைதான், நீங்க டப்பாவ திறந்து ஒரு பெல்லட்ட எடுத்து, திசை பாத்து, பேரல் வாயில வச்சு கட்டவிரலால அழுத்துற வேலைய அது செஞ்சு குடுத்துடும்.

அப்ப அதுக்கு மதிப்பு இல்லையான்னா, இருக்கு, நல்லாவே இருக்கு. விடியக்காலைல குளிர்ல விரல் மரத்துப் போயி இருக்கும்போது ஒரு சின்ன ஈயத் துண்ட கையில பிடிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு செஞ்சு பாத்தவங்களுக்குத் தெரியும், கீழ விழுந்தா புல்லுல தேடவே முடியாது. க்ளவுஸ் போட்டுக்கிட்டும் லோட் பண்ணலாம். கண்ண இலக்குலேந்து எடுக்க வேண்டியதில்ல, உடம்பு அசைவு கொறையும். இன்னொரு பெரிய விஷயம், மடக்கின பேரல் வாய்க்குள்ள விரல் போக வேண்டிய தேவை இல்ல, அது பாதுகாப்புக்கு நல்லது, ஏன்னு பின்னாடி சொல்றேன். ஆனா ரெண்டாவது ஷாட் வேகமா கெடைக்கும், மொதல்ல தப்பினா அடுத்ததுல அடிச்சிடலாம்னு நினைச்சு மட்டும் இத வாங்காதீங்க. மொதல் ஷாட் சத்தம் கேட்டதும் முயல் உங்களுக்காக நிக்காது, அடிபட்டு ஓடுச்சுன்னா வளைக்குள்ள போயி ரெண்டு நாள் கெடந்து சாகும். ஒரு தடவ எனக்கு அப்படி ஆச்சு, சாயங்காலம் முழுக்க டார்ச் வச்சு தேடினேன், கெடைக்கல. அன்னிலேந்து ஒரு ரைஃபிள கையில எடுத்தா நான் பாக்குறது ஒண்ணுதான், மொதல் பெல்லட் நான் நினைச்ச எடத்துல போகுதா. மேகசின் அதுக்கு அப்புறம்.

இந்த வகைய பரவலா பிரபலமாக்குனது காமோங்கற கம்பெனி, ஸ்வார்ம் வரிசைய 2017ல கொண்டுவந்தாங்க, பத்து பெல்லட் புடிக்கிற மேகசின். மொதல்ல வந்ததுல மேகசின் பேரலுக்கு மேல நேரா நிமிந்து நிக்கும், அதனால பேரல் மேல இருக்குற இரும்பு சைட்ட வச்சு குறி பாக்க வழியே இல்ல, ஸ்கோப் கட்டாயம். அடுத்து வந்த ஜென் 2ல மேகசின படுக்க வச்சு தாழ்த்திட்டாங்க, பாக்க வழி கெடச்சுது. க்ராஸ்மன் மேக் ஃபயர்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அதுல 12 பெல்லட். ஹட்சான் கம்பெனில ஸ்பீட் ஃபயர்னு பேரு. எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணுதான், பேரல மடக்கி மூடுற அசைவுலயே ஒரு சின்ன குச்சி மாதிரி பாகம் மேகசின்லேந்து ஒரு பெல்லட்ட பேரலுக்குள்ள தள்ளும்.

இதுல ஒரு பொறி இருக்கு, இத யாரும் கடையில சொல்ல மாட்டாங்க. காக் பண்ணிட்டு, அதாவது பேரல மடக்கி மூடி சுடத் தயாரா வச்சுட்டு, காத்திருக்கீங்க, இலக்கு போயிடுச்சு, சேஃப்டி போட்டுட்டு பத்து நிமிஷம் கழிச்சு வேற எடத்துக்குப் போறீங்க, காக் பண்ணியிருக்கோமா இல்லையான்னு சந்தேகம் வந்து திரும்பவும் பேரல மடக்கிடுறீங்க. பழைய மெக்கானிசத்துல என்ன ஆகும்னா இன்னொரு பெல்லட்டும் உள்ள போயிடும். இப்ப பேரல்ல ரெண்டு பெல்லட், ஒண்ணு பின்னாடி ஒண்ணு. சுட்டா சத்தமே வித்தியாசமா மந்தமா வரும், வேகம் பாதியா கொறஞ்சு பெல்லட் எங்கயோ கீழ போய் விழும். இது எனக்கே நடந்திருக்கு, நல்லவேளை டார்கெட் பேப்பர்ல நடந்துச்சு. அதனால நான் ஒரு பழக்கம் வச்சிருக்கேன், மடக்கும்போது எதிர்ப்பே இல்லாம பேரல் லேசா கீழ வந்துச்சுன்னா அது ஏற்கனவே காக் ஆகி இருக்குன்னு அர்த்தம், உடனே அங்கயே நிறுத்திட்டு மேகசின கழட்டிட்டு, பாதுகாப்பான மண்மேட்டுல அந்த ஷாட்ட சுட்டுத் தீத்துடுவேன். ரீகாயில்ல, அதாவது சுடும்போது வர்ற உதைல, மேகசின் சுத்துற வகைல இந்தப் பிரச்சனைய கொறச்சிருக்காங்க, சுட்டாத்தான் அடுத்த பெல்லட் நேர் வரும், சும்மா மடக்கினா வராது. வாங்குறதுக்கு முன்னாடி எந்த வகைன்னு கேளுங்க, கேட்டா பதில் தெரியலன்னா மேனுவல்ல பாருங்க, இது சின்ன விஷயம் இல்ல.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு ஆபத்து, மேகசின் காலி ஆனது தெரியாம சுடுறது. பிஸ்டன் வகை ரைஃபிள்ல பெல்லட் இல்லாம சுட்டா பிஸ்டன் முன்னாடி போய் மோதும்போது அத தாங்கிப் புடிக்கிற காத்து மெத்தை இருக்காது, நேரா சிலிண்டர் முனையில இடிக்கும். சீல் கிழியும், ஸ்பிரிங் அடிபடும். ஒரு தடவைல உடைஞ்சிடாது, ஆனா பழக்கமா நடந்தா சீக்கிரம் ரிப்பேர்ல போய் நிக்கும். மேகசின் பக்கவாட்டுல எத்தன மிச்சம்னு தெரியுற மாதிரி ஜன்னலோ எண்ணோ இருக்கறத பாத்து வாங்குங்க, இல்லன்னா மனசுல எண்ணுங்க, நான் எண்ணுறேன்.

பெல்லட் விஷயத்துக்கு வருவோம், மல்டி ஷாட் வாங்குறவங்க பெரும்பாலும் ஏமாறுறது இங்கதான். ஒவ்வொரு பேரலுக்கும் புடிச்ச பெல்லட் ஒண்ணு இருக்கும், அதே மாடல் ரெண்டு ரைஃபிள் எடுத்தாகூட ஒண்ணுக்குப் புடிச்சது இன்னொண்ணுக்குப் புடிக்காது. ஒத்த ஷாட் ரைஃபிள்ல நீங்க எந்த பெல்லட்ட வேணாலும் போட்டுப் பாக்கலாம், மேகசின்ல அப்படி இல்ல, அந்த அறையோட நீளத்துக்குள்ள அடங்கணும். ரொம்ப கனமான நீளமான பெல்லட், பிளாஸ்டிக் முனை வச்ச பெல்லட் இதெல்லாம் நீட்டிக்கிட்டு நின்னு சுத்தாம மாட்டிக்கும். தட்டையான மூக்கு உள்ளது பேரலுக்குள்ள நுழையும்போது விளிம்புல இடிச்சு சாயலாம். உருண்டை மூக்கு பெல்லட்தான் மேகசின்ல வழுக்கிக்கிட்டு போகும், நல்லவேளையா தூரத்துலயும் அதுதான் துல்லியமா போகும், வேட்டைக்கும் அதுதான் சரி. 5.5 எம்எம் பேரல்னா க்ராஸ்மன் ப்ரீமியர் 14.3 கிரெய்ன் (கிரெய்ன்ங்கறது பெல்லட் எடைய சொல்ற அளவு), ஜேஎஸ்பி எக்ஸாக்ட் ஜம்போ 15.89 கிரெய்ன், ஹெச் அண்ட் என் ஃபீல்ட் டார்கெட் ட்ராஃபி 14.66 கிரெய்ன், இந்த மூணுலேந்து ஆரம்பிச்சா பெரும்பாலும் ஒண்ணு ஒத்து வந்துடும்.

அதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. பெல்லட்டோட பின்பக்கம் பாவாடை மாதிரி மெல்லிசா விரிஞ்சிருக்கும், அதுதான் பேரல் சுவர்ல ஒட்டி காத்த அடைக்கிறது. கையால போடும்போது அது நசுங்கி இருக்கா, வளைஞ்சிருக்கான்னு கண்ணு பாக்கும், விரல் உணரும், மோசமானத தூக்கிப் போட்டுடுவோம். மேகசின் பாக்காது, குடுத்தத தள்ளிவிடும். அதனால மேகசின் நிரப்பும்போதே ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துல பாத்து நிரப்புங்க, வீட்டுல உக்காந்து செய்யுங்க, காட்டுல அவசரத்துல செய்யாதீங்க. முடிஞ்சா மேகசின் இல்லாம ஒத்த பெல்லட்டா கையால போட்டும் சுட முடியுற மாடலா பாருங்க, சிலதுல முடியும் சிலதுல முடியாது. முடிஞ்சா ஒரு நல்ல சோதனை பண்ணலாம், அதே பெல்லட்ட கையால போட்டு பத்து, மேகசின்ல போட்டு பத்து, ரெண்டு பேப்பர்ல சுட்டு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. மேகசின் பேப்பர்ல குரூப், அதாவது துளை எல்லாம் சேந்து விழுற வட்டம், கணிசமா விரிஞ்சிருந்தா அந்த மேகசின் பெல்லட்ட கெடுக்குதுன்னு அர்த்தம்.

அடுத்து பவர். பெட்டி மேல 1300 எஃப்பிஎஸ்னு பெருசா போட்டிருக்கும், அத பாத்து மயங்காதீங்க. அந்த வேகம் பெரும்பாலும் ரொம்ப லேசான அலாய் பெல்லட்ட போட்டு எடுத்தது, நீங்க வேட்டைக்கு போடப்போற ஈய பெல்லட்ல அது வராது. எஃப்பிஎஸ்ங்கறது ஒரு செகண்டுக்கு எத்தன அடி போகுதுங்கற வெறும் வேகம், நமக்கு வேண்டியது எனர்ஜி. கணக்கு ரொம்ப சுலபம், பெல்லட் எடைய கிரெய்ன்ல எடுத்து, வேகத்த வேகத்தாலயே பெருக்கி, ரெண்டையும் பெருக்கி 450240 ஆல வகுத்தா ஃபுட் பவுண்ட் வரும். 14.3 கிரெய்ன் பெல்லட் 800 எஃப்பிஎஸ்ல போனா சுமார் 20 ஃபுட் பவுண்ட், ஜூல்ல சொன்னா 27 சொச்சம். இப்ப இதப் பாருங்க, 5 கிரெய்ன் அலாய் பெல்லட் 1250 எஃப்பிஎஸ்ல போனா சுமார் 17.4 ஃபுட் பவுண்ட், 7.9 கிரெய்ன் ஈயம் 1000 எஃப்பிஎஸ்ல போனா சுமார் 17.5. வேகத்துல 250 கூட இருந்தும் எனர்ஜில ஒண்ணும் கூடல, அதுக்கு மேல லேசான பெல்லட் காத்துல சீக்கிரம் வேகத்த எழந்துடும், முப்பது மீட்டர்ல போய் சேரும்போது ஈயம்தான் பலமா அடிக்கும்.

ஒலியோட வேகம் ஏறக்குறைய 1125 எஃப்பிஎஸ். பெல்லட் அத தாண்டினா சாட்டை அடிச்ச மாதிரி ஒரு வெடிச்சத்தம் வரும், சுத்துவட்டாரத்துல இருக்குற எல்லா உயிருக்கும் நீங்க வந்திருக்கறது தெரிஞ்சுடும், அதோட அந்த வேகத்த ஒட்டி போகும்போது பெல்லட் ஆட ஆரம்பிக்கும், குரூப் விரியும். பெல்லட்டோட உருவம் அதுக்காக செஞ்சதே இல்ல. என் அனுபவத்துல 650லேந்து 900 எஃப்பிஎஸ்க்குள்ள போற மாதிரி ஒரு பெல்லட்ட தேர்ந்தெடுத்தா மனசுக்கு நிம்மதி. 12 ஃபுட் பவுண்ட்டுக்கு உள்ள இருக்குற ரைஃபிள் வச்சே இங்கிலாந்துல எத்தனையோ வருஷமா முயல் வேட்டை நடக்குது, அங்க லைசன்ஸ் இல்லாம வச்சுக்க அதுதான் எல்லை. 14.3 கிரெய்ன் 600 எஃப்பிஎஸ்ல போனா 11.4 தான், அது தலையில சரியான எடத்துல பட்டா முயல் அந்த எடத்துலயே சாயும். 30 ஃபுட் பவுண்ட் ரைஃபிள்ல வயித்துல பட்டா சாயாது. பவர் குறிக்கு மாத்து இல்ல.

கேலிபர், அதாவது பேரல் துளையோட அளவு, எதுன்னு கேட்டா, 4.5 எம்எம்ங்கற .177 வேகமா நேரா போகும், தூரம் கொஞ்சம் தப்பா கணிச்சாலும் பெருசா கீழ இறங்காது. 5.5 எம்எம்ங்கற .22 கொஞ்சம் மெதுவா வளைஞ்சு போகும், ஆனா பட்ட எடத்துல எனர்ஜிய நல்லா விடும், துளையும் பெருசு. ரெண்டுலயும் வேட்டை ஆடலாம். பவர் எல்லை கம்மியா இருக்குற எடத்துல .177 எடுக்குறவங்க தப்பா எடுக்கல. 18, 20 ஃபுட் பவுண்ட் வர்ற மேகசின் ரைஃபிள்னா நான் கண்ண மூடிக்கிட்டு .22 தான் சொல்வேன், ஏன்னா அந்த பவர்ல .177 போட்டா ஒலி வேகத்த ஒட்டி போய் நிக்கும், இன்னொரு காரணம் .22 பெல்லட் பெருசு, மேகசின் நிரப்ப கைக்கு சுலபம்.

உள்ள ஸ்பிரிங்கா கேஸ் பிஸ்டனா? ஸ்பிரிங் பழைய நம்பகமான விஷயம், போச்சுன்னா கொறஞ்ச செலவுல மாத்தலாம், ட்யூன் பண்ணலாம், ஆனா சுடும்போது உள்ள சுருள் விரியுறதால ஒரு முறுக்கும் டொய்ங்குனு ஒரு அதிர்வும் இருக்கும், மணிக்கணக்கா காக் பண்ணியே வச்சிருந்தா நாளடைவுல பலம் கொறையும். கேஸ் பிஸ்டன்ல ஸ்பிரிங்குக்கு பதிலா அடைச்ச சிலிண்டர்ல நைட்ரஜன் இருக்கும், காமோ ஐஜிடின்னும் க்ராஸ்மன் நைட்ரோ பிஸ்டன்னும் பேரு வச்சிருக்காங்க. அதிர்வு கம்மி, முறுக்கு இல்ல, காக் பண்ணி காத்திருந்தாலும் ஸ்பிரிங் மாதிரி தளராது, வேட்டைல காத்திருக்கறதுதான பாதி வேலை. ஆனா அது கசிஞ்சா மொத்த யூனிட்டையும் மாத்தணும். மேகசின் வச்ச மாடல் பெரும்பாலானது இப்ப கேஸ்லதான் வருது, அதனால இந்த முடிவு பாதி உங்களுக்காக ஏற்கனவே எடுத்தாச்சு.

காக் பண்ற பலத்த யாரும் சீரியஸா எடுத்துக்குறதில்ல. சாதாரண பவர் உள்ளது ஏறக்குறைய 30 பவுண்ட், அதாவது 13 கிலோ சொச்சம் இழுக்கணும். மேக்னம்னு சொல்றது 40 பவுண்ட்ட தாண்டும், 18 கிலோவுக்கு மேல. கடையில ஒரு தடவ மடக்கி பாத்து சுலபமாதான் இருக்குன்னு வாங்கிட்டு வந்துடுவாங்க. பத்து ஷாட் மேகசின் இருக்குன்னா பயிற்சில நீங்க வேகமா பத்து தடவ மடக்கப் போறீங்க, மூணு மேகசின்னா முப்பது தடவ, அதுக்கப்புறம் கை நடுங்கும், நடுங்குற கையோட குறி எங்க நிக்கும். முப்பது தடவ மடக்கியும் முப்பத்தோராவது ஷாட்ட அமைதியா சுட முடியுற பவர்தான் உங்க பவர். அதுக்கு மேல போகாதீங்க, கூடுதல் பவர் உள்ள ரைஃபிள்ல பயிற்சி பண்ணவே மனசு வராது.

கடையில கையில எடுத்ததும் பாக்க வேண்டியது பேரல் மூடுற எடம். ரைஃபிள் காலியா இருக்குன்னு உறுதி பண்ணிட்டு, மூடின நிலைல பேரல ஒரு கையால பக்கவாட்டுல லேசா ஆட்டிப் பாருங்க. துளி ஆட்டம் கூட இருக்கக் கூடாது. ஸ்கோப் ரிசீவர் மேல, அதாவது ரைஃபிளோட உடம்பு மேல இருக்கு, பேரல் தனியா கீல்ல தொங்குது, ஒவ்வொரு தடவ மூடும்போதும் அது அதே எடத்துல வந்து உக்காந்தாத்தான் ஸ்கோப் காட்டுற எடமும் பெல்லட் போற எடமும் ஒண்ணா இருக்கும். மல்டி ஷாட்ல அந்த எடத்துலயே மேகசின், தள்ளுற குச்சி எல்லாம் சேந்து உக்காரணும், பாகம் கூடக்கூட தப்பு நுழையுற எடமும் கூடும். மேகசின் வச்சிருக்குற தொட்டி பிளாஸ்டிக்கா, லொடலொடன்னு ஆடுதா, பேரல் வாயைச் சுத்தி இருக்குற ரப்பர் வளையம் வெட்டுப்படாம இருக்கான்னு பாருங்க. அந்த வளையம் கிழிஞ்சா காத்து அங்கேயே வெளிய போயிடும், ஒரு டிஷ்யூ பேப்பர் துண்ட அந்த இணைப்பு மேல வச்சு பாதுகாப்பான எடத்துல சுட்டுப் பாத்தா தெரியும், பேப்பர் பறந்தா கசிவு.

ட்ரிகர் ரெண்டு ஸ்டேஜ் இருக்கணும், மொதல் ஸ்டேஜ் லேசா வந்து ஒரு சுவர்ல முட்டி நிக்கிற மாதிரி நிக்கணும், அதுக்கப்புறம் ஒரு சின்ன அழுத்தத்துல கண்ணாடிக் குச்சி ஒடைஞ்ச மாதிரி விடணும். இழுக்க இழுக்க ரப்பர் மாதிரி வந்துக்கிட்டே இருந்துச்சுன்னா எவ்வளவு நல்ல பேரல் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

ஸ்கோப்புக்கு கொஞ்சம் தனியா சொல்லணும். பிஸ்டன் ரைஃபிள்ல ரீகாயில் ரெண்டு பக்கமும் வரும், பிஸ்டன் முன்னாடி பாயும்போது ரைஃபிள் பின்னாடி வரும், பிஸ்டன் போய் நிக்கும்போது ரைஃபிள் முன்னாடி உதைக்கும். துப்பாக்கிக்குன்னு செஞ்ச நல்ல ஸ்கோப்புகூட இந்த முன்னாடி உதைய எதிர்பாத்து செஞ்சிருக்காது, உள்ள லென்ஸ் தளந்துடும். ஏர் ரைஃபிளுக்கு ஏத்ததுன்னு தெளிவா எழுதியிருக்கறத மட்டும் எடுங்க. பத்து மீட்டர் கிட்டத்துல இருக்கறதையும் ஃபோகஸ் பண்ற ஏஓ வளையம் இருக்கணும், 3லேந்து 9 வரைக்கும் ஜூம் போதும், 40 எம்எம் லென்ஸ் போதும். மவுண்ட் ஒரே பீஸா இருக்கறது எடுங்க, பின்னாடி நகராம இருக்க ஸ்டாப் பின் இருக்கான்னு பாருங்க. ஸ்கோப்ப எவ்வளவு மேல திருகியும் பெல்லட் கீழயே போகுதுன்னா ரைஃபிள் ஒடஞ்சிடல, பிரேக் பேரல்ல பேரல் கொஞ்சம் கீழ சாஞ்சு இருக்கறது சகஜம், அதுக்குன்னே பின்பக்கம் உயரமா செஞ்ச மவுண்ட் கெடைக்கும். மேகசின் மேல நிமிந்து நிக்கிற மாடல்னா ஸ்கோப் மவுண்ட் உயரம் பொருந்துதான்னு வச்சுப் பாத்துட்டு வாங்குங்க, முன் லென்ஸ் அதுல இடிக்கும், இல்லன்னா பார்வைல மேகசின் நிழலா தெரியும்.

வாங்கியாச்சு, இப்ப புடிக்கிற விதம். இந்த ரைஃபிள்ல நீங்க ட்ரிகர விட்டதுக்கு அப்புறமும் பெல்லட் பேரல விட்டு வெளிய வர்றதுக்குள்ள ரைஃபிள் அசைய ஆரம்பிச்சிடும். அந்த அசைவ தடுக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அசைய விடத்தான் முடியும். முன் கைய விரிச்சு உள்ளங்கைல ரைஃபிள சும்மா படுக்க வையுங்க, விரலால இறுக்காதீங்க, தோள்ல லேசா தொட்டா போதும். ஏர் ரைஃபிள் பத்தி எழுதுற டாம் கேலார்ட் இதுக்கு ஆர்ட்டிலரி ஹோல்ட்னு பேரு வச்சாரு, பீரங்கி சுட்டதும் அதோட வண்டில பின்னாடி உருண்டு போற மாதிரி ரைஃபிள அதோட வழியில போக விடுறது. கல்லு மேலயோ மரக்கிளை மேலயோ நேரா சாச்சு வச்சு சுட்டா குறி வேற எங்கயோ போகும், நடுவுல உங்க கை இருக்கணும். இத கத்துக்காம ரைஃபிள் சரியில்லன்னு வித்துட்டு போனவங்க நிறைய.

புது ரைஃபிள்ல மொதல் சில ஷாட்ல புகையும் எண்ணெய் நாத்தமும் சத்தமும் வரும், ஃபேக்டரி எண்ணெய் அழுத்தத்துல எரியுது, அது டீசலிங். எனக்கு 200, 300 பெல்லட் போன பிறகுதான் குரூப் நிலைக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி எந்த முடிவும் எடுக்காதீங்க. காத்து அறைக்குள்ள சாதாரண மெஷின் எண்ணெய் விடவே விடாதீங்க, மறுபடி எரியும், சீல் போகும். ஸ்டாக், அதாவது ரைஃபிளோட கட்டைல இருக்குற ஸ்க்ரூ எல்லாம் அதிர்வுல தளரும், குரூப் திடீர்னு விரிஞ்சா ஸ்கோப்ப திட்டுறதுக்கு முன்னாடி அந்த ஸ்க்ரூவ பாருங்க.

எப்ப வேட்டைக்கு தயார்னு எப்படி தெரியும்? 25 மில்லிமீட்டர் வட்டம் வரைஞ்சுக்கோங்க, ஒரு முயலோட தலைல உயிர் போற எடம் ஏறக்குறைய அவ்வளவுதான், கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல. அந்த வட்டத்துக்குள்ள பத்துக்கு பத்தும் போடணும், பெஞ்சுல உக்காந்து இல்ல, காட்டுல எப்படி நிப்பீங்களோ முட்டி போடுவீங்களோ அப்படி. எத்தன மீட்டர்ல பத்தும் உள்ள போகுதோ அதுதான் உங்க எல்லை. பிரேக் பேரல்ல நல்லா பழகினவங்களுக்கே 30, 35 மீட்டர்ல நிக்கும், எனக்கு முட்டி போட்டு 25. நின்னுக்கிட்டு சுட்டா 18. அதுக்கு மேல இருந்தா நான் கிட்ட போக பாப்பேன், முடியலன்னா விட்டுடுவேன். காத்தடிக்கிற நாள்ல இதுலேந்தும் கொறச்சுக்கணும்.

பாதுகாப்புல பிரேக் பேரலுக்கே உரிய ஒண்ண அழுத்திச் சொல்றேன். பேரல் மடங்கி இருக்கும்போது தப்பித்தவறி ட்ரிகர் விட்டுச்சுன்னா பேரல் பலத்தோட மேல பாஞ்சு மூடும், நடுவுல விரல் இருந்தா எலும்பு போயிடும். மேகசின் இருக்கறதால விரல் அங்க போக வேண்டியதில்லன்னு முன்னாடி சொன்னேன்ல, இதுக்குத்தான். ஆனா பெல்லட் மாட்டிக்கிச்சுன்னா எல்லாரும் மொத வேலையா விரலத்தான் விடுறாங்க. மாட்டிக்கிட்டா ஒரு கையால பேரல இறுக்கிப் புடிச்சுக்கிட்டே இன்னொரு கையால மேகசின கழட்டுங்க, புடிச்ச கைய எடுக்காதீங்க. அப்புறம், பெல்லட் சில நூறு மீட்டர் வரைக்கும் போகும், இலக்குக்குப் பின்னாடி மண்மேடோ தடிச்ச மரமோ இல்லாம சுடாதீங்க, மரக்கிளைல இருக்குற புறாவ வானத்துக்கு நேரா சுடும்போது அந்த பெல்லட் எங்கயோ யார் மேலயோ இறங்கும். ஈய பெல்லட்ட தொட்ட கைய சாப்பிடுறதுக்கு முன்னாடி கழுவுங்க.

சட்டத்த நாட்டுக்கு நாடு பாத்துக்கணும். இங்கிலாந்துல 12 ஃபுட் பவுண்ட்ட தாண்டினா துப்பாக்கி சான்றிதழ் வேணும், ஸ்காட்லாந்துல 2016 கடைசிலேந்து அதுக்கு கீழ உள்ளதுக்கும் சான்றிதழ் வேணும். ஜெர்மனில லைசன்ஸ் இல்லாம வச்சுக்க 7.5 ஜூல் எல்லை. கனடால 500 எஃப்பிஎஸ், 5.7 ஜூல் ரெண்டையும் தாண்டினா லைசன்ஸ் வேணும். இந்தியால 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் இருக்கு, முயலோ அணிலோ புறாவோ காட்டு உயிர சுடுறது குத்தம், அங்க இருக்கறவங்க இத டார்கெட்டுக்கு மட்டும் வச்சுக்கோங்க. அனுமதி இருக்குற நாட்டுலயும் எந்த மிருகம், எந்த சீசன், யாரோட நிலம்னு பாத்துட்டு, நிலத்துக்காரர்கிட்ட கேட்டுட்டு போங்க.

கடைசியா ஒண்ணு, ரைஃபிளோட இன்னொரு மேகசினும் சேத்து வாங்கிடுங்க, ஒவ்வொண்ணு மேலயும் பெயிண்ட்ல 1, 2ன்னு எழுதி வச்சுடுங்க. என்கிட்ட இருந்த ரெண்டுல ஒண்ணுல மட்டும் ஏழாவது அறை கொஞ்சம் கோணலா இருந்து அந்த பெல்லட் மட்டும் எப்பவும் இடது பக்கம் போச்சு, எண் எழுதி வச்சு பேப்பர்ல ஒவ்வொரு ஷாட்டா குறிச்சதாலதான் கண்டுபுடிச்சேன், இல்லன்னா இன்னும் ஸ்கோப்பதான் திருகிக்கிட்டு இருந்திருப்பேன்.